தினம் ஒரு தகவல், கூடவே ஒரு கடி: வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக் கூடியவை

பலகைக்காரி எழுதியது:

வணக்கம் மக்களே. எங்கள் ஊர்ப்புற நூலகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. முன்பெல்லாம் அதில் திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் மட்டும்தான் இருக்கும். மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஒரு தகவலும் அதற்குக் கீழே ஒரு கடி ஜோக்கும் எழுதி வருகிறேன். கடிக்கு விடை எழுத மாட்டேன், உள்ளே வந்து கேட்டால்தான் சொல்வேன். அப்படி விடை கேட்க வந்து, வந்த காலோடு அலமாரியைப் புரட்டிப் பார்த்து, உறுப்பினர் ஆன பிள்ளைகள் நிறையப் பேர்.

இன்றைக்கு எழுதியது வாழை. வாழை மரமே கிடையாது, அது பெரிய புல் மாதிரி ஒரு செடி. மரம் என்று நாம் நினைப்பது இலைகளின் அடிப்பகுதி ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு இறுகியது, அவ்வளவுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. நாம் கூட்டு வைக்கிற வாழைத்தண்டு, பூவைத் தூக்கிக்கொண்டு அந்த மட்டைகளின் நடுவே மேலேறி வருகிற காம்பு. சந்தேகம் இருந்தால் குலை தள்ளாத இளம் வாழை ஒன்றை வெட்டிப் பாருங்கள், மட்டை மட்டையாக உரிந்துகொண்டே போகும், நடுவில் அந்த வெள்ளைத் தண்டு இருக்காது.

கடி: தார் போட்டும் ரோடு ஆகாத இடம் எது?

இந்த இழையைத் தொடங்கியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. போன வருடம் பலகையில் "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று எழுதினேன். வாட்ஸ்அப்பில் வந்தது, பத்திரிகையிலும் படித்த நினைவு. மாசி மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தஞ்சாவூருக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். திரும்பி வந்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேராக என் மேசைக்கு வந்து, "அக்கா, நிழல் விழுந்துச்சு. மூணு மணி இருக்கும், கல்லு சுட்டுச்சு, செருப்பு வேற போட முடியாது, நாங்க எல்லாரும் அந்தக் கோபுர நிழல்லதான் நடந்தோம்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும் குரல். அன்று மாலையே பலகையில் திருத்தம் எழுதினேன், யார் கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்து.

அதிலிருந்து ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். படிக்கிறவர் தன் கையால், கண்ணால், நாக்கால் சோதித்துப் பார்க்கக் கூடிய தகவலாக இருந்தால் நல்லது. உங்களிடம் இருப்பதைப் போடுங்கள். கடியும் கட்டாயம்.

---

மிளகுக்கொடி எழுதியது:

தார் போட்டும் ரோடு ஆகாத இடம் வாழைத்தோப்பு! விடை சொல்லிவிட்டேன், எனக்கும் உறுப்பினர் அட்டை வேண்டும் அக்கா.

என் பங்கு மிளகாய். இந்தச் சொல்லை வாயால் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், மிளகு, காய். நம் ஊரில் காரம் என்றால் மிளகுதான் இருந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயை போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498, மிளகாய் நம் அடுப்படிக்கு வந்தது அதற்கும் பிறகு. புதிதாக வந்ததற்குப் பெயர் வைக்கும்போது நம் ஆட்கள் "மிளகு மாதிரி உறைக்கிற காய்" என்று வைத்துவிட்டார்கள். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே பக்கத்திலிருந்து வந்தவைதான். 1010-ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன் தன் வாழ்நாளில் ஒரு பச்சை மிளகாயைக்கூடக் கடித்திருக்க மாட்டான். எனக்கு இதை முதலில் கேட்டபோது இரண்டு நாள் மனசே ஆறவில்லை, அவ்வளவு பெரிய ராஜாவுக்கு ஒரு தக்காளி ரசம் கிடைக்கவில்லையே என்று.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் கிளி வந்து போகிற தோட்டத்தில் பழுத்த மிளகாய்ச் செடியைக் கவனியுங்கள். கிளி பாட்டுக்குத் தின்னும். காரத்தை உணர வைக்கிற பொருள் பறவைகளின் நரம்பில் வேலை செய்வதில்லை. நமக்கும் மாட்டுக்கும் எலிக்கும் எரியும். எலி விதையை மென்று அரைத்துவிடும், பறவை முழுசாக விழுங்கி வேறு எங்கோ போய்ப் போடும். யார் தின்ன வேண்டும் என்பதைச் செடியே முடிவு செய்து வைத்திருக்கிறது.

கடி: குடிக்க முடியாத டீ எது? கரண்டி.

---

பனங்கூடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துக்காரன். நீங்கள் கடி என்கிறதை நாங்கள் முசுப்பாத்தி என்போம், எனக்கு எங்கள் சொல்தான் பிடிக்கும்.

மிளகுக்கொடி தங்கச்சி காய்கறியைச் சொன்னார், நான் வீட்டுச் சாமானைச் சொல்கிறேன். இப்போது நீங்கள் இருக்கிற அறையைச் சுற்றிப் பாருங்கள். மேசை, அலமாரி, ஜன்னல், கதவில் தொங்குகிற சாவி. நாலும் போர்த்துகீசியச் சொற்கள். இங்கே இலங்கையில் நாங்கள் காலையில் சாப்பிடுகிற பாண், காலில் போடுகிற சப்பாத்து, இவையும் அதே கப்பலில் வந்தவை. போர்த்துகீசியர் 1619-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1658-ல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். ஒல்லாந்தர் விட்டுப் போனது கந்தோர், அதாவது உங்கள் ஊர் ஆபீஸ். என் ஐயா கடைசி வரைக்கும் "கந்தோருக்குப் போறன்" என்றுதான் சொல்வார், ஒருநாள்கூட ஆபீஸ் என்று சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் காசைத் துட்டு என்கிறீர்களே, அதுவும் ஒல்லாந்தரின் செப்புக்காசுப் பெயர்.

முசுப்பாத்தி: படுத்துத் தூங்க முடியாத பாய் எது? பீப்பாய். அந்தப் பீப்பாயும் போர்த்துகீசியச் சொல்தான், ஆகவே இது தகவலும் முசுப்பாத்தியும் ஒன்றாய்ச் சேர்ந்தது, இரண்டாய்க் கணக்கு வையுங்கோ.

---

தஞ்சைத்தட்டு எழுதியது:

தகவல் எல்லாம் அருமை. ஆனால் நிழல் விஷயத்தில் எனக்கு மனவருத்தம். நான் தஞ்சாவூர். என் தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிச் சொன்னது அது, "நிழல் கீழே விழாதுடா, அப்படிக் கட்டியிருக்கான் பாரு" என்று. எத்தனை பேருக்கு அந்தக் கோயிலின்மேல் பிரியம் வந்ததற்கு அந்த ஒரு வரி காரணம். யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு நம்பிக்கையை ஏன் உடைக்க வேண்டும்? சின்னப் பெண் சொன்னாள் என்பதற்காகப் பலகையில் திருத்தம் போடுவதெல்லாம் கொஞ்சம் அதிகம் இல்லையா?

---

பலகைக்காரி எழுதியது:

அண்ணா, உங்கள் தாத்தாவை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. அவர் சொன்னதில் பார்த்தறிந்த உண்மை ஒன்றும் இருக்கிறது. விமானம் சுமார் 66 மீட்டர் உயரம், கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். உச்சிவேளையில், சூரியன் நேர் மேலே இருக்கிற மாதங்களில் நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், தரையில் தெரியாது. நடுப்பகலில் பார்த்த யாரோ ஒருவர் நேர்மையாகத்தான் சொல்லியிருப்பார். அது வாய் மாறி வாய் மாறி "எப்போதும் விழாது" என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பெண் விஷயத்தில் நான் பின்வாங்க மாட்டேன். சுடுகல்லில் வெறுங்காலோடு நின்ற பிள்ளை, நிழல் காலுக்கு இதமாக இருந்ததைத் தன் உடம்பால் அறிந்து வந்திருக்கிறாள். அவளிடம் போய், நீ பார்த்ததை விட நான் எழுதியதுதான் சரி என்று நான் சொன்னால், அடுத்த முறை அவள் எதையும் கண்ணால் பார்க்க மாட்டாள், பலகையைத்தான் பார்ப்பாள். அந்தக் கோயிலுக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதற்கு? ஆயிரம் வருடமாக நிற்கிறது, அந்த வட்டாரத்தில் மலையே இல்லாமல் அவ்வளவு கருங்கல்லையும் வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். இது போதாதா?

---

அளவுச்சங்கிலி எழுதியது:

நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தஞ்சைத்தட்டு தம்பி வருத்தப்பட வேண்டாம், நிழல் விழாத அதிசயம் நிஜமாகவே இருக்கிறது. கோயிலுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் எனக்கும் மின்கம்பத்துக்கும் உண்டு.

பூமத்திய ரேகைக்கு வடக்கே கடகரேகை, தெற்கே மகரரேகை, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எந்த ஊரிலும் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அந்த நேரத்தில் செங்குத்தாக நிற்கிற எதற்கும் நிழல் பக்கவாட்டில் விழாது. நிழலில்லா நாள் என்கிறோம். தமிழ்நாடு முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. நமக்கு அது பெரும்பாலும் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் வரும், ஊருக்கு ஊர் நாள் கொஞ்சம் மாறும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். தெற்கே போகப் போக ஏப்ரல் நாள் முன்னால் வரும், ஆகஸ்ட் நாள் தள்ளிப் போகும். டெல்லிக்காரர்களுக்கு இது வாய்க்கவே வாய்க்காது, அவர்கள் கடகரேகைக்கு மேலே இருக்கிறார்கள்.

செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடிகாரத்தில் 12 அடித்ததும் பார்த்துவிட்டு "எங்கே, நிழல் இருக்கிறதே" என்று சொல்லாதீர்கள். நம் கடிகாரம் ஓடுவது கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகைக் கணக்கில், நம் ஊர்கள் அதற்கு மேற்கே இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 12:15 ஆகிவிடும். பன்னிரண்டிலிருந்தே உட்கார்ந்து பாருங்கள். உருளையான எவர்சில்வர் டம்ளரைச் சமதரையில் கவிழ்த்து வைத்தால் போதும். நிழல் டம்ளரைச் சுற்றி ஒரு பக்கமாக மெலிந்துகொண்டே வந்து, விளிம்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நான் பார்த்தபோது என் பேரன் டம்ளரைத் தூக்கி உள்ளே தேடினான்.

கடி எனக்கு வராது. மன்னிக்கவும்.

---

தஞ்சைத்தட்டு எழுதியது:

ஐயா, இதைத் தாத்தா இருக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் டம்ளரோடு முதல் ஆளாக மொட்டைமாடியில் நின்றிருப்பார். ஆகஸ்டில் கோயிலுக்கே போய்ப் பார்க்கப் போகிறேன். நன்றி.

ஐயாவுக்குப் பதிலாகக் கடி நான் போடுகிறேன்: காய்க்காத மரம் எது? கட்டுமரம். ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறார்களே, அது நம் கட்டுமரம்தான். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, அதனால் கட்டுமரம். மிளகுத்தண்ணீரும் அப்படி அவர்கள் வாயில் முல்லிகட்டானி என்று ஆகியிருக்கிறது.

---

அத்திக்கடவு எழுதியது:

"அத்தி பூத்தாற்போல்" என்று சொல்கிறோமே, அபூர்வமாக வருகிறவரைப் பார்த்து. அத்தி அபூர்வமாகப் பூப்பதே இல்லை, ஏராளமாகப் பூக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நாம் அத்திக்காய் என்று நினைப்பதே பூங்கொத்துதான், உள்பக்கமாகத் திருப்பி வைத்த பூங்கொத்து. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் அந்த உருண்டைக்குள் சுவரில் ஒட்டிக்கொண்டு பூக்கின்றன. காயின் நுனியில் ஊசித்துளை மாதிரி ஒரு வாசல். அதன் வழியே ஒரு மிகச் சின்னக் குளவி உள்ளே போய் மகரந்தம் சேர்த்து, முட்டையும் இட்டுவிடுகிறது. அடுத்த தலைமுறை உள்ளேயே வளர்ந்து வெளியே பறக்கிறது.

இப்போது இன்னொரு பழமொழியை நினைத்துப் பாருங்கள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை, புழு என்பார்கள். இரண்டு பழமொழியும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்! பூவைக் காணோம் என்றவரும் பூச்சியைப் பார்த்தவரும் சேர்ந்து பேசியிருந்தால் அப்போதே விடை கிடைத்திருக்கும். ஆற்றங்கரை அத்தியில் பிஞ்சு ஒன்றைப் பறித்துக் குறுக்கே அறுத்து, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எனக்கு நாற்பது வயதில்தான் இதைப் பார்க்க வாய்த்தது. அன்று முழுக்க வீட்டில் வேறு எதுவும் பேசவில்லை.

கடி: புத்தகத்தில் காய்க்கிற அத்தி எது? அத்தியாயம். நூலக அக்காவுக்குச் சமர்ப்பணம்.

---

விடிவெள்ளி எழுதியது:

வெள்ளி கோளில் ஒரு நாள் ஒரு வருடத்தை விட நீளம். தன்னைத்தானே சுற்ற நம் கணக்கில் 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அதோடு அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, அதனால் அங்கே சூரியன் உதிப்பது மேற்கில்.

கடி: வெள்ளியில் ஞாயிறு எங்கே உதிக்கும்? மேற்கே. இன்னொன்று: வெள்ளிக்கு அடுத்து என்ன? சனி என்று சொன்னால் தப்பு. பூமி.

---

அளவுச்சங்கிலி எழுதியது:

விடிவெள்ளி சொன்ன எண்கள் சரி, ஆனால் "நாள்" என்ற சொல்லில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். 243 நாள் என்பது கோள் தன் அச்சில் ஒரு முழுச் சுற்று முடிக்கிற காலம். ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த சூரிய உதயம் வரை என்று எடுத்தால் அங்கே 117 நாள் வாக்கில்தான் ஆகும், ஏனென்றால் அது எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டே சூரியனையும் சுற்றி வருகிறது. நாம் நாள் என்று பேசுவது உதயத்திலிருந்து உதயம் வரைக்கும்தானே. அந்தக் கணக்கில் பார்த்தால் வெள்ளியில் ஒரு வருடத்துக்குள் இரண்டு நாள்கூட முழுசாக முடியாது. இதுவும் அதிசயம்தான்.

ஞாயிறு மேற்கே என்ற கடி எனக்கே பிடித்திருக்கிறது.

---

விடிவெள்ளி எழுதியது:

ஆமாம் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். பலகையில் எழுதினால் "ஒரு சுற்று" என்று எழுதுங்கள் அக்கா, "ஒரு நாள்" என்று வேண்டாம்.

வீட்டில் சோதிக்க வேண்டும் என்ற விதிக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளியை விடியலுக்கு முன்னால் கிழக்கே பார்க்கலாம், அந்தி சாய்ந்ததும் மேற்கே பார்க்கலாம். நம் ஊரில் நடுராத்திரியில் தலைக்கு மேல் ஒருநாளும் பார்க்க முடியாது. அது நம்மை விடச் சூரியனுக்கு உள்பக்கம் சுற்றுகிறது, சூரியனை விட்டு அதிகம் விலகிப் போக அதனால் முடியாது. ஒரு வருடம் வானத்தைப் பார்த்து வந்தால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

---

ரேடியோப்பெட்டி எழுதியது:

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்குத் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஞாபகம்தான். காலையில் வானொலியில் "இன்று ஒரு தகவல்". அம்மா இட்லித்தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருப்பார், அப்பா சவரம் செய்துகொண்டிருப்பார், அவர் குரல் வந்ததும் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல், அவசரமே படாது. தகவலைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு குட்டிக் கதை சொல்வார், அவர் சிரிக்கவே மாட்டார். அப்பா சோப்பு நுரையோடு சிரித்ததில் ஒருநாள் கத்தி கன்னத்தில் பட்டுவிட்டது.

2009-ல் அவர் காலமானார். அவர் சொன்ன தகவல்கள் பலதும் எனக்கு நினைவில் இருப்பதற்கு அந்தக் கடைசிக் கதைகள்தான் காரணம். கதையை யாரிடமாவது சொல்லப் போவேன், சொல்லும்போது தகவலையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பலகைக்காரி கடியின் விடையை உள்ளே ஒளித்து வைப்பது எனக்கு அதனால்தான் ரொம்பப் பிடித்தது.

என் தகவல்: கெட்டிக்காரனை, யாருக்கும் பிடிபடாதவனை "அவன் பெரிய எம்டன்" என்பார்களே, அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு, இருட்டில் மறைந்து போனது. ஊரே பயந்து போயிருக்கிறது. நவம்பரில் கோகோஸ் தீவுகள் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் அதை வீழ்த்தியது. கப்பல் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பெயர் நம் வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது, சென்னைக்காரர்கள் போய்ப் பாருங்கள்.

---

பனங்கூடல் எழுதியது:

எம்டன் எங்களுக்கும் தெரியும். எங்கள் அம்மம்மா குழப்படி செய்கிற பிள்ளையை "எம்டன்" என்றுதான் கூப்பிடுவா. கப்பல் என்று இன்றைக்குத்தான் அறிகிறேன்.

---

வாய்ப்பாடு எழுதியது:

நான் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், ஒன்றே ஒன்று போட்டுவிட்டுப் போகிறேன். இருபது, முப்பது, எண்பது எல்லாவற்றிலும் இருக்கிற "பது" பத்தைக் குறிக்கும். அப்படியானால் 9-க்கு மட்டும் ஏன் ஒன்பது? அங்கே பத்து எங்கிருந்து வந்தது? மேலே போங்கள், 90 தொண்பது இல்லை, தொண்ணூறு, அதற்குள் நூறு வந்துவிட்டது. 900 ஒன்பது நூறு இல்லை, தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம். ஒன்பது வருகிற இடமெல்லாம் அடுத்த படியின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. தொல்காப்பியத்தில் 9-க்குத் "தொண்டு" என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஒன்று முதல் தொள்ளாயிரம் வரை தினம் சொல்கிறோம், பிள்ளைகளிடம் இதைக் கேட்டேன், ஐந்து நிமிடம் வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி, அப்புறம் ஒரே சத்தம்.

---

சுவைமொட்டு எழுதியது:

பலகையிலிருந்து அழிக்க வேண்டிய இன்னொன்று நாக்கு வரைபடம். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பாடப்புத்தகத்திலேயே படம் போட்டு நாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். அது தப்பு. எல்லாச் சுவையும் நாக்கில் சுவைமொட்டு இருக்கிற எல்லா இடத்திலும் தெரியும், உணர்திறனில் மட்டும் சிறிய வேறுபாடு. கருப்பட்டித் தண்ணீர் ஒரு கிண்ணம், பாகற்காய்ச் சாறு ஒரு கிண்ணம், இரண்டு பஞ்சுக்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். பாகற்காயை நுனியில் தொட்டால் கசக்கிறதா இல்லையா என்று பாருங்கள். என் பையன் முகம் போன போக்கே விடை.

---

பண்ருட்டிக்காரன் எழுதியது:

பலாப்பழ சீசன், நான் சும்மா இருந்தால் ஊர் என்னை ஒதுக்கி வைத்துவிடும்.

பலாப்பழம் ஒரு பழமே இல்லை, ஒரு கூட்டம். ஒவ்வொரு சுளையும் தனிப் பூவிலிருந்து வந்தது. தோலில் தெரிகிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் அடையாளம். சுளைகளுக்கு நடுவே நார் நாராக இருக்கிறதே, நாங்கள் சடை என்போம், நீங்கள் மாட்டுக்குப் போடுவீர்கள், அது மகரந்தம் சேராமல் போன பூக்கள். அதாவது சுளை ஆக முடியாமல் போனவை. இது தெரிந்த பிறகு நான் சடையையும் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

இதோடு ஒரு பழைய கணக்கு. கணக்கதிகாரம் என்ற பழந்தமிழ்க் கணக்கு நூலில், பழத்தை அறுக்காமலே சுளை எண்ணுவதற்கு ஒரு வெண்பா இருக்கிறது. காம்பைச் சுற்றி இருக்கிற சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்கச் சொல்கிறது. முள் 100 என்றால் சுளை 120. எங்கள் தோப்பில் நாலைந்து பழத்தில் செய்து பார்த்திருக்கிறேன், சிலதில் கிட்டத்தில் வந்தது, சிலதில் வரவே இல்லை. காம்புக்குப் பக்கத்து முட்கள் என்று எதுவரை எண்ணுவது என்பதில்தான் சண்டை வரும். யாராவது பொறுமையாகச் செய்துவிட்டுச் சொல்லுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீர்கள், பால் ஒட்டினால் நாள் முழுக்கப் போகாது.

---

மிளகுக்கொடி எழுதியது:

கடி எங்கே அண்ணா? கடி இல்லாமல் போனால் பழம் வாங்க மாட்டோம்.

---

பண்ருட்டிக்காரன் எழுதியது:

சரி சரி. தேங்காய்க்கு மூன்று கண் இருந்தும் ஏன் கண்ணாடி போடவில்லை? மாட்டிக்கொள்ளக் காது இல்லை.

தகவலும் சேர்த்துத் தருகிறேன். அந்த மூன்று கண்ணில் ஒன்று மட்டும்தான் மெத்தென்று இருக்கும், முளை வருவது அதன் வழியாகத்தான். மற்ற இரண்டும் கெட்டி. அடுத்த முறை தேங்காய் உடைக்கும் முன் ஓர் ஆணியால் மூன்றையும் குத்திப் பாருங்கள்.

---

பலகைக்காரி எழுதியது:

நாலு நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். பலகை மட்டும் நிற்கவில்லை. அத்தி, எம்டன், ஒன்பது மூன்றும் உங்கள் புனைபெயரோடு எழுதினேன். எம்டன் எழுதிய அன்று, பேப்பர் படிக்க மட்டும் வருகிற பெரியவர் ஒருவர் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "எங்கப்பா என்னை இதாம்மா சொல்லித் திட்டுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பலாப்பழக் கணக்கை முடித்துவிட்டோம். சந்தையில் நடுத்தரமாக ஒரு பழம் வாங்கி, நூலக முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். பதினோரு பிள்ளைகள். முள்ளை எண்ணும்போதே பண்ருட்டி அண்ணன் சொன்ன சண்டை வந்துவிட்டது, எதுவரை காம்புப் பக்கம் என்று. கடைசியில் காம்பைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, எண்ணிய ஒவ்வொரு முள்ளிலும் ஒரு புள்ளி வைத்தார்கள். 80 வந்தது. 6-ஆல் பெருக்கினால் 480, 5-ஆல் வகுத்தால் 96. பலகையில் பெரிதாக 96 என்று எழுதி வைத்துவிட்டுத்தான் அறுத்தோம்.

சுளையைப் பத்துப் பத்தாக வாழை இலையில் அடுக்கினார்கள். எட்டு வரிசை முடிந்தது. ஒன்பதாவது வரிசைக்கு மூன்று. மொத்தம் 83. ஒருவன் தின்றுவிட்டான் என்று சந்தேகப்பட்டு அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், இல்லை. கொட்டையை எண்ணினார்கள், அதுவும் 83.

எல்லோரும் கணக்கு தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, நிழலைக் கண்டுபிடித்தாளே அந்தப் பெண், அவள் மட்டும் சடைக் குவியலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை பண்ருட்டி அண்ணன் எழுதியதை நான் படித்துக் காட்டியிருந்தேன். எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "கணக்கு சரிதான்கா. மீதி பதிமூணும் இங்க சடையா இருக்கு."